மாணவர் தகவல் மென்பொருள்: வாங்குவதா, நாமே எழுதுவதா?

கேள்வி: தென் மாவட்டத்தில் உள்ள அரசு உதவி பெறும், தேர்வைத் தானே நடத்தும் தன்னாட்சிக் கலை அறிவியல் கல்லூரியில் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலராக இருக்கிறேன். உதவி பெறும் பிரிவு, சுயநிதிப் பிரிவு இரண்டிலும் சேர்த்து 4,200 பேர் படிக்கிறார்கள். தன்னாட்சி கிடைத்த காலத்தில் எங்கள் கணினி அறிவியல் பேராசிரியர் ஒருவர் ஃபாக்ஸ்புரோ என்ற பழைய டேட்டாபேஸ் மொழியில் எழுதிய மென்பொருளில்தான் ஹால் டிக்கெட் முதல் மார்க் ஷீட் வரை எல்லாம் ஓடுகிறது. அவர் வரும் மே மாதம் ஓய்வு பெறுகிறார். நிர்வாகம் ஒரு ரெடிமேட் பேக்கேஜை வாங்கச் சொல்கிறது. மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 300 ரூபாய், வரி தனி. எங்கள் கணினித் துறையோ எம்.சி.ஏ. மாணவர்களை வைத்து இலவசமாகவே எழுதித் தருகிறோம் என்கிறது. பக்கத்துக் கல்லூரிகள் இரண்டு, மூவரும் சேர்ந்தே எழுதிக்கொள்ளலாம் என்கின்றன. அடுத்த மாதம் கமிட்டியில் நான் கருத்துச் சொல்ல வேண்டும். எது சரி?

பதில்: அன்புள்ள பேராசிரியருக்கு, வணக்கம்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். கமிட்டியிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது இரண்டு பணியிடங்கள். நிரல் எழுதவும் டேட்டாபேஸ் பார்க்கவும் தெரிந்த ஒருவர், அவருக்குத் துணையாக ஒருவர். இருவரும் தேர்வுப் பிரிவில், உங்களுக்குக் கீழே, நிரந்தரச் சம்பளத்தில் இருக்க வேண்டும். பேக்கேஜ் வாங்கினாலும் அவர்கள் வேண்டும், நாமே எழுதினாலும் வேண்டும். அந்த இரண்டு பேர் கிடைப்பார்களா என்பது தெரிந்த பிறகுதான் வாங்குவதா எழுதுவதா என்ற பேச்சுக்கே அர்த்தம் வரும். பல்கலைக்கழகங்கள், கல்லூரிகளின் தேர்வுப் பிரிவுகளில் கணினி வேலை பார்த்தே என் காலம் போயிருக்கிறது. நன்றாக ஓடிய இடங்களில் எல்லாம் உள்ளே ஆள் இருந்தார்கள். மென்பொருள் சொந்தமா, விலைக்கு வாங்கியதா என்பது அங்கே இரண்டாம் பட்சமாகத்தான் இருந்தது.

உங்கள் பேராசிரியர் இத்தனை ஆண்டுகள் சம்பளமில்லாமல் அந்த ஆளாக இருந்திருக்கிறார். வகுப்பெடுத்துவிட்டு, மாலையில் உட்கார்ந்து, ரிசல்ட் வரும் வாரத்தில் இரவெல்லாம் கண்விழித்திருப்பார். அதனால்தான் இந்த வேலைக்குச் செலவே இல்லை என்று நிர்வாகத்துக்குத் தோன்றியிருக்கிறது.

பணக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். 4,200 பேருக்கு 300 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 12 லட்சத்து 60 ஆயிரம். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 14 லட்சத்து 86 ஆயிரத்து 800. ஐந்து ஆண்டில் 74 லட்சம் தாண்டிவிடும். நான் சொல்லும் இருவருக்கு மாதம் 60 ஆயிரமும் 35 ஆயிரமும் கொடுத்தால் ஆண்டுக்கு 11 லட்சத்து 40 ஆயிரம் ஆகும். சர்வர், பேக்கப், ஆண்டுக்கொரு பாதுகாப்புச் சோதனை எல்லாம் சேர்த்தால் அதுவும் ஏறக்குறைய பேக்கேஜ் விலைக்கே வந்து நிற்கும். ஆகவே பணத்தை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. கமிட்டியில் யாராவது "வாங்கினால் மலிவு" என்றோ "எழுதினால் மலிவு" என்றோ சொன்னால் இந்தக் கணக்கை மேசை மேல் வையுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பேக்கேஜ் விற்க வருபவர் டெமோ காட்டும்போது எல்லாம் அழகாக ஓடும். ஜூனில் சேர்ந்து, எல்லாத் தாளிலும் முதல் முறையே தேறி, மூன்றாம் ஆண்டு வெளியே போகும் ஒரு மாணவியை வைத்துத்தான் காட்டுவார்கள். அப்படிப்பட்ட மாணவிக்கு எக்செல் ஷீட்டே போதும். உங்கள் தலைவலி வேறு இடத்தில் இருக்கிறது.

பட்டியல் உங்களுக்குத் தெரிந்ததுதான். பழைய ரெகுலேஷனில், அதாவது பழைய பாடத்திட்ட விதிகளில் சேர்ந்து, இரண்டு அரியர் வைத்துக்கொண்டு, பாடத்திட்டம் மாறிய பிறகு எழுத வரும் பையன். அவனுக்கு எந்தப் புதுத் தாள் எந்தப் பழைய தாளுக்கு ஈடு? இடையில் நின்று, குழந்தை பிறந்த பிறகு மறுபடி சேரும் பெண். அவளுக்கு எந்த ரெகுலேஷன்? மறுமதிப்பீட்டில் ஒரு மாணவிக்கு மார்க் கூடினால் அது முதல் முயற்சியாகவே கணக்காகுமா, ரேங்க் பட்டியலுக்குள் வருவாளா? ரிசல்ட்டை இறுதி செய்யும் பாஸிங் போர்டு ஒரு தாளுக்கு மாடரேஷனாகக் கூடுதல் மார்க் கொடுத்தால், அதைக் கூட்டிய பிறகு முழு எண்ணாக்குவதா, முன்பா? முதுகலையில் வெளித்தேர்வு 75க்கு 50 சதவீதம் என்றால் 37.5. 38 வாங்கினால்தான் தேர்ச்சியா, 37.5 போதுமா? அரை மார்க்கில் ஒரு பிள்ளையின் பட்டம் நிற்கிறது.

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் உங்கள் கல்லூரியில் இன்று விடை இருக்கிறது. அந்த ஃபாக்ஸ்புரோ நிரலுக்குள் இருக்கிறது. அதில் எத்தனை விடைகளை கல்வி விதிகளை முடிவு செய்யும் அகாடமிக் கவுன்சில் தீர்மானமாகப் போட்டது, எத்தனை விடைகளை ரிசல்ட்டுக்கு முந்தின இரவு அந்தப் பேராசிரியரே தனியாக முடிவு செய்ய வேண்டியிருந்தது என்று கேட்டுப் பாருங்கள். அவர் மேல் ஒரு குறையும் இல்லை. யாரும் சொல்லாததால் அவர் சொன்னார். ஆனால் மே மாதம் அவரோடு சேர்ந்து அந்த விதிகளும் வீட்டுக்குப் போய்விடும். புதிதாக வருபவர், கம்பெனிக்காரரோ உங்கள் ஊழியரோ, அவற்றை ஊகித்து எழுதுவார். ஒரே ஆண்டில் சேர்ந்த இரண்டு மாணவர்களுக்கு இரண்டு விதமாக வகுப்பு (முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு) விழுந்தால் அது நீதிமன்றம் வரை போகும்.

அதனால் எந்த முடிவுக்கும் முன்னால் ஒன்று செய்யுங்கள். இந்த ஆண்டு அவருடைய வகுப்பு நேரத்தைப் பாதியாகக் குறைத்து, மீதி நேரத்தில் விதிகளைச் சாதாரண வாக்கியங்களாக எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் இளைய ஆசிரியர் ஒருவர் உட்கார்ந்து கேள்வி கேட்கட்டும். ஒவ்வொரு விதிக்கும் உதாரணமாக ஒரு பழைய மாணவரின் மார்க் இருக்கட்டும். எழுதியதை அகாடமிக் கவுன்சிலில் வைத்து ஒப்புதல் வாங்குங்கள். சில விதிகளைப் பார்த்து உறுப்பினர்களே திகைப்பார்கள், அங்கேயே திருத்தட்டும். இந்த விதிப்புத்தகம் கையில் இல்லாமல் பேக்கேஜ் வாங்கினாலும் தோற்பீர்கள், எழுதினாலும் தோற்பீர்கள்.

சரி, பேக்கேஜ். நான் அதற்கு எதிரி இல்லை. கட்டணம் வசூல், வருகைப் பதிவு, விடுதி, பெற்றோருக்கு எஸ்.எம்.எஸ். இவையெல்லாம் எல்லாக் கல்லூரிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வாங்குங்கள். இவற்றை நாமே எழுதுவது வீண் வேலை. ஆனால் நம் ஊருக்கென்று சில விஷயங்கள் இருக்கின்றன. வெளி மாநிலத்தில் எழுதிய மென்பொருளில் அவை அநேகமாக இருக்காது.

முதலில் பெயர். நம் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் கட்டாயமாக்கிய மென்பொருளில் குமாஸ்தா ஒருவர் எஸ் என்று போடுவார், இன்னொருவர் செல்வம் என்று போடுவார், மூன்றாமவர் புள்ளி வைத்துவிட்டுப் போவார். பிளஸ் டூ மார்க் ஷீட்டில் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி. மாணவர் பெறும் கிரெடிட்டைச் சேர்த்துவைக்கும் தேசியக் கணக்கான அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் 2021இல் வந்த பிறகு இது வெறும் எழுத்துப் பிழையாக இல்லை. பெயர் பொருந்தாவிட்டால் மாணவரின் கணக்கில் கிரெடிட் ஏறாமல் நிற்கிறது.

அடுத்தது இட ஒதுக்கீட்டுப் பிரிவுகள். பொது, ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. என்று நான்கு பிரிவோடு வரும் மென்பொருள் நமக்கு ஆகாது. பி.சி., பி.சி. முஸ்லிம், எம்.பி.சி.–டி.என்.சி., எஸ்.சி., எஸ்.சி. அருந்ததியர், எஸ்.டி. என்று 69 சதவீதமும் உட்பிரிவோடு அட்மிஷன் பதிவேட்டில் நிற்க வேண்டும். முதல் பட்டதாரிச் சலுகை, புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கான விவரம் எல்லாம் மாணவர் பதிவிலிருந்துதான் போகிறது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தாரா என்று ஒரு கட்டம் இல்லாததால் புதுமைப் பெண் உதவித்தொகையான மாதம் 1,000 ரூபாய் ஒரு பெண்ணுக்குத் தள்ளிப்போனால், அந்த வீட்டில் அது பெரிய தொகை.

பிறகு பகுதி 1 முதல் பகுதி 5 வரை. தமிழ், ஆங்கிலம், முதன்மைப் பாடம், பகுதி நான்கின் சிறு தாள்கள், என்.எஸ்.எஸ்., என்.சி.சி. என்று நம் கலை அறிவியல் கல்லூரிகளின் மார்க் ஷீட் பகுதி பகுதியாகப் பிரிந்து நிற்கும். வகுப்பும் பகுதிவாரியாகப் போடுவோம். எல்லாவற்றையும் கூட்டி ஒரே சி.ஜி.பி.ஏ. போடும் பேக்கேஜிடம் இதைக் கேட்டால் "கஸ்டமைஸ் பண்ணித் தருகிறோம்" என்பார்கள். அந்த வார்த்தை வரும் இடத்தில் எல்லாம் பேனாவை எடுத்து, எவ்வளவு பணம், எத்தனை நாள், அடுத்த வெர்ஷனில் அது தங்குமா என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

பெரிய இடத்திலேயே இது எப்படிப் போனது என்பதற்குக் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சொல்லலாம். 23 வளாகங்களுக்கும் சேர்த்து மாணவர், ஊழியர், நிதி நிர்வாகத்துக்குப் பீப்பிள்சாஃப்ட் பேக்கேஜைப் போட முடிவெடுத்தார்கள். 2003 மார்ச்சில் மாநிலத் தணிக்கையாளர் அறிக்கை வந்தது. 9 ஆண்டுகளில் 66 கோடி டாலருக்கும் மேல் ஆகும் என்று கணக்கிட்டிருந்தார். இதனால் என்ன பயன், என்ன செலவு என்று முன்கூட்டியே தெளிவாக வரையறுக்கவில்லை என்பது அதில் இருந்த முக்கியமான குறை. உங்கள் கமிட்டியில் ஒருவரும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் தீர்மானம் நிறைவேறினால் அதே குறை இங்கேயும் வரும், தொகைதான் சிறியதாக இருக்கும்.

விற்ற கம்பெனியும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. 2003 ஜூனில் பீப்பிள்சாஃப்டை வாங்க ஆரக்கிள் கேட்டது. அவர்கள் மறுத்தும் விடாமல் 2005 ஜனவரியில் வாங்கி முடித்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல நம்பியிருந்த பேனர் என்ற மென்பொருள் எஸ்.சி.டி.யிடமிருந்து 2004இல் சன்கார்டுக்குப் போய், 2012இல் எலூசியன் என்ற புதுப் பெயருக்குள் வந்தது. இந்த இரண்டு மென்பொருளும் பிழைத்துக்கொண்டன. நம் ஊரில் பத்துப் பேர் வேலை செய்யும் கம்பெனி கைமாறினாலோ மூடினாலோ யாரிடம் கேட்பீர்கள்? அதற்கான பதிலும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

எம்.சி.ஏ. மாணவர்கள் எழுதித் தருவார்கள் என்ற யோசனைக்கு என் பதில் கண்டிப்பாக வேண்டாம் என்பதுதான். பிள்ளைகளின் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர்கள் புராஜெக்ட்டை ஒப்படைத்த மாதமே வேலைக்குப் போய்விடுவார்கள். நவம்பரில் ரிசல்ட் நின்றால் யாருக்குப் போன் செய்வீர்கள்? அதைவிடப் பெரிய விஷயம், தேர்வு எழுதும் மாணவர் கையில் மார்க் டேட்டாபேஸும், விடைத்தாளில் பெயரை மறைக்கப் போடும் டம்மி நம்பரும் இருக்கவே கூடாது. ஒருவரும் தப்பு செய்யாவிட்டாலும், ஒரு புகார் வந்தால் நம்மால் மறுத்து நிரூபிக்க முடியாது. துறையின் உற்சாகத்தை வீணாக்க வேண்டாம். கால அட்டவணை, கல்லூரி விழாப் பதிவு, ஹால் வரைபடம் போன்றவற்றைக் கொடுங்கள், நன்றாகவே செய்வார்கள்.

மூன்று கல்லூரிகள் சேர்ந்து எழுதுவது கேட்க நல்ல யோசனை. வட அமெரிக்காவில் குவாலி ஸ்டூடன்ட் என்று இதே எண்ணத்தில் தொடங்கினார்கள். பிரிட்டிஷ் கொலம்பியா, மேரிலாந்து, பெர்க்லி போன்ற பல்கலைக்கழகங்கள் சேர்ந்தன. ஆளும் அறிவும் பணமும் அவர்களிடம் இருந்தன. ஆனாலும் வேலை இழுத்துக்கொண்டே போனது, கூட்டாளிகள் சிலர் விலகினார்கள், 2014இல் குவாலி வணிக நிறுவனமாக மாறியது. முன்னின்று நடத்திய பிரிட்டிஷ் கொலம்பியாவே கடைசியில் வொர்க்டே பேக்கேஜை வாங்கி 2024இல் அதற்கு மாறியது. பாடத்திட்டக் கூட்டத்தில் ஒரு துறைக்குள்ளேயே ஒருமித்த கருத்து வருவது எவ்வளவு கடினம் என்று உங்களுக்குத் தெரியும். மூன்று கல்லூரிகளின் விதிகளை ஒரே நிரலில் அடக்க மூன்று அகாடமிக் கவுன்சில்கள் ஒத்துப்போக வேண்டும். பக்கத்துக் கல்லூரிகளோடு விதிப்புத்தகத்தைப் பகிர்ந்துகொள்ளுங்கள், பேக்கேஜ் விலையைச் சேர்ந்து பேரம் பேசுங்கள். நிரலைச் சேர்ந்து எழுத வேண்டாம்.

உள்ளேயே எழுதி ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். மும்பை ஐ.ஐ.டி.யில் அதற்கென்றே ஒரு மென்பொருள் மையம் இருக்கிறது. காரக்பூர் ஐ.ஐ.டி.யும் தன் நிர்வாக மென்பொருளான ஈ.ஆர்.பி.யைத் தானே உருவாக்கிக்கொண்டது. ஐ.ஐ.டி. என்றதும் மலைக்க வேண்டாம். ஒரு பேராசிரியரின் மாலை நேரத்தை நம்பி அவர்கள் இதை ஓட்டவில்லை என்பது மட்டும்தான் நமக்கு அதில் பாடம்.

2020இல் கொரோனாவால் செமஸ்டர் தேர்வுகள் ரத்தானது நினைவிருக்கும். அரசு மார்க் கணக்கிட ஒரு வழியைச் சொன்னது. அப்புறம் அரியர் மாணவர்கள் பற்றி ஓர் அறிவிப்பு வந்தது, அது உயர் நீதிமன்றம் போனது. விதி ஒவ்வொரு முறை மாறும்போதும் மென்பொருளும் மாற வேண்டியிருந்தது. உள்ளே ஆள் இருந்த இடத்தில் உட்கார்ந்து மாற்றினார்கள். மற்ற இடங்களில் கம்பெனியின் வரிசையில் காத்திருந்தார்கள். அப்படி ஒரு ஆண்டு இனி வராவிட்டாலும், புதுப் பாடத்திட்டமும் புதுக் கிரெடிட் விதியும் வராமல் இருக்கப் போவதில்லை.

ஆகவே இரண்டு பணியிடங்களும் கிடைத்தால் என் ஆலோசனை இது: தேர்வு, மார்க், பட்டம் தொடர்பான பகுதியை உங்கள் ஊழியர்களே எழுதி வைத்திருக்கட்டும். மற்றதை வாங்குங்கள். இரண்டுக்கும் பாலமாக மாணவர் பதிவேடு உங்கள் டேட்டாபேஸில் இருக்கட்டும். பேக்கேஜ் அதிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும். அந்தப் பதிவேடு கம்பெனியின் சர்வரில் மட்டும் இருக்கும் நிலைக்கு எந்தக் காரணத்துக்காகவும் போகாதீர்கள்.

ஏனென்றால் மார்க் விவரத்தின் ஆயுள் எந்த மென்பொருளின் ஆயுளைவிடவும் நீளம். 20 ஆண்டு கழித்து வேலை கொடுத்தவர் சான்றிதழின் உண்மைத்தன்மை கேட்டு எழுதுவார். வெளிநாடு போகிறவர் டிரான்ஸ்கிரிப்ட் கேட்பார். அன்றைக்கு அது திறக்க வேண்டும். உங்கள் ஃபாக்ஸ்புரோவின் கடைசிப் பதிப்புக்கே மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2015 ஜனவரியோடு நின்றுவிட்டது. நல்ல வேளையாக அதன் டி.பி.எஃப். தரவுக் கோப்புகளை எளிதாக வெளியே எடுக்கலாம். இந்த விடுமுறையிலேயே எல்லாவற்றையும் எந்த மென்பொருளிலும் திறக்கும் சி.எஸ்.வி. கோப்பாக எடுத்து, பழைய மார்க் ஷீட் நகல்களோடு சில நூறு பேருக்காவது ஒப்பிட்டுப் பாருங்கள். தமிழ்ப் பெயர்கள் வானவில் போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், ஒரு தமிழாசிரியரை வைத்துக் கண்ணால் பார்த்துத்தான் தீர வேண்டும்.

புது மென்பொருளுக்கு மாறும் நாள் பற்றி ஒரு வார்த்தை. ஒரே நாளில் எல்லோரையும் மாற்றாதீர்கள். மும்பைப் பல்கலைக்கழகம் 2017இல் விடைத்தாள் திருத்துவதை ஒரே பருவத்தில் முழுவதும் கணினித் திரைக்கு மாற்றியது. 17 லட்சத்துக்கும் மேற்பட்ட விடைத்தாள்கள். ஜூலை இறுதிக் கெடு தவறியது, முடிவுகள் மாதக்கணக்கில் தள்ளிப்போயின, மேற்படிப்புக்கு விண்ணப்பித்த பிள்ளைகள் தவித்தார்கள், அக்டோபரில் துணைவேந்தரே பதவி நீக்கப்பட்டார். நீங்கள் ஜூனில் சேரும் முதலாண்டு மாணவர்களை மட்டும் புதியதில் ஏற்றுங்கள். மூத்த மாணவர்கள் பழையதிலேயே முடித்துப் போகட்டும். அவர்களின் அரியருக்காகப் பழையது இன்னும் சில ஆண்டு ஓடத்தான் வேண்டும். அதற்காக அந்தப் பேராசிரியரை ஓய்வுக்குப் பிறகும் மதிப்பூதியத்தில், எழுத்துப்பூர்வ ஆணையோடு வைத்துக்கொள்ளுங்கள். பழகிய முகம் என்று இலவசமாகக் கூப்பிடாதீர்கள்.

கமிட்டி பணியிடம் கொடுக்க மறுத்தால்? அப்போது வாங்கிவிடுங்கள், தேர்வுப் பகுதி உட்பட. ஆள் இல்லாமல் எழுதுவதைவிட அது மேல். ஆனால் டெமோவை நீங்கள் நடத்துங்கள். உங்கள் பதிவேட்டிலிருந்து மிகச் சிக்கலான 20 மாணவர்களின் மார்க்கைப் பெயரை நீக்கிக் கொடுத்து, மார்க் ஷீட் அச்சடித்துத் தரச் சொல்லுங்கள். 20ம் சரியாக வராத கம்பெனிக்கு ஆர்டர் இல்லை. ஒவ்வொரு செமஸ்டர் முடிந்ததும் முழுத் தரவும் திறந்த வடிவில் உங்கள் கைக்கு வர வேண்டும், கம்பெனி மூடினால் மென்பொருளின் மூல நிரலான சோர்ஸ் கோட் உங்களுக்குச் சேர வேண்டும், விதி மாறினால் எத்தனை நாளில் மாற்றித் தருவார்கள், 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி யார் பொறுப்பு என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். முழுப் பணத்தை முன்கூட்டியே கொடுக்க வேண்டாம். முதல் ரிசல்ட் பிழையில்லாமல் வெளியான பிறகு கடைசித் தவணை. பணியிடம் கேட்டதையும் மறுத்ததையும் கமிட்டியின் மினிட்ஸில் பதியச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு மறுபடி கேட்பதற்கு உங்களுக்கு அது தேவைப்படும்.